எம்ஜிபி ரோட்ஸ்டரில் வேறொரு ஹார்ட்டாப்பைப் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற, துணிக்கூரை கொண்ட பழைய பிரிட்டிஷ் காருக்காகவே வார்க்கப்பட்டு, ஆனால் உங்கள் காருடன் பிறக்காத ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் ஹார்ட்டாப்பை (கழற்றி மாட்டக்கூடிய கெட்டிக் கூரையை) வாங்கி, அதைத் தண்ணீர் ஒழுகாமலும் முன்கண்ணாடியை உடைக்காமலும் பொருத்துவது எப்படி என்பதை இங்கே வரிசைப்படி எழுதியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் வீட்டுக் கராஜில் என்னுடைய காருக்கும், பிறகு நண்பர்கள் இருவரின் கார்களுக்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். மற்றவர்கள் செய்யும்போது அருகில் நின்றும் பார்த்திருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: துளையை முதலில் போட்டார்கள், இடைவெளியை அடைக்கும் ரப்பர் பீடிங்கைக் கடைசியில் ஒட்டினார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1. கூரையைத் தேடும் முன் காரைச் சோதியுங்கள்

ரோட்ஸ்டருக்கு மேலே கூரை இல்லாததால் அதன் விறைப்பில் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளில்தான் இருக்கிறது. கடலோர ஈரக் காற்றில் முதலில் துருவேறுவதும் அவைதான். சில் தளர்ந்த காரின் மேல் எவ்வளவு கவனமாகக் கூரையைப் பொருத்தினாலும், முதல் பள்ளத்திலேயே கார் ஒரு பக்கமும் கூரை ஒரு பக்கமும் நெளியும்.

இதை அறிய எளிய வழி உண்டு. கார் தரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டில் உள்ள ஜாக்கி முனையில் காரைத் தூக்கி அதே இடங்களை மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ கூரைக்கு வைத்திருக்கும் பணத்தை வெல்டிங்குக்குக் கொடுங்கள்.

அடுத்தது முன்கண்ணாடிச் சட்டம். அலுமினியச் சட்டத்தின் ஒவ்வொரு காலையும் இரண்டு போல்ட்கள் பிடித்திருக்கின்றன. நடுவில், பின்னால் வருவதைக் காட்டும் உள்பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பி மேல்சட்டத்தைக் கீழ்நோக்கி இழுத்து வைத்திருக்கிறது. இரு மேல்மூலைகளையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இப்போதே இறுக்குங்கள். கூரையின் முன்விளிம்பு இந்தச் சட்டத்தின் மீதுதான் உட்காருகிறது என்பதால், பின்னால் வரும் அளவுகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம். கூரையைப் பொருத்திய பிறகு சட்டத்தின் சாய்வை மாற்றினால் எல்லா வேலையும் மறுபடி தொடங்கும்.

கதவுகள் தொங்கிப்போயிருந்தால் அவற்றையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

2. கூரையை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வெளிவந்தது. அந்தக் காலம் முழுவதும் ரோட்ஸ்டரின் மேல்பகுதி அளவுகள் பெரிதாக மாறவில்லை. மாறியவை துணிக்கூரையின் சட்டமும், அதைப் பிடிக்கும் இடங்களும், முன்கொக்கிகளின் அமைப்பும்தான். ஆகவே பழைய ஆண்டுக் காருக்கென்று செய்த கூரை பிந்தைய ஆண்டுக் காரின் மேல் உட்காரும். ஆனால் அதன் கொக்கியும் பக்கத் தகடும் உங்கள் காரில் உள்ளவற்றோடு சேராமல் போகலாம். விற்பவரிடம் இரும்புச் சாமான்கள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். கூரை மட்டும் மலிவாகக் கிடைத்து, கொக்கிகளைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் போன்ற சிறிய கார்களின் கூரை அகலத்திலேயே போதாது. “கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

போகும்போது அளவு நாடாவைக் கொண்டு போங்கள். உங்கள் காரின் மேல்சட்ட நீளத்தையும், கதவுகளுக்குப் பின்னால் உள்ள இரு பிடிப்பு இடங்களுக்கு இடையிலான அகலத்தையும், மேல்சட்டத்தின் நடுவிலிருந்து பின்தகட்டின் நடு வரையிலான தூரத்தையும் முன்பே எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆண்டுக்கணக்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃபைபர்கிளாஸ் கூரை பெரும்பாலும் உள்நோக்கி மடங்கியிருக்கும். பின்கால்களின் அகலம் 15 மி.மீ. வரை குறைந்திருந்தால் உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, சில நாட்கள் வெயிலில் வைத்து மீட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் நான் வாங்க மாட்டேன்.

மேற்பூச்சில் சிலந்தி வலை போன்ற மெல்லிய வெடிப்புகள் போல்ட் துளைகளைச் சுற்றி இருப்பது வழக்கம், அவற்றைச் சரிசெய்யலாம். உட்புறத்தில் இழை வெள்ளையாக வெளுத்து, விரலால் அழுத்தினால் வளைந்து கொடுத்தால் அங்கே அடுக்கே உடைந்திருக்கிறது.

பின்கண்ணாடி உண்மையான கண்ணாடியா அக்ரிலிக்கா என்று பாருங்கள். அக்ரிலிக் என்றால் ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைக்கவே கூடாது. துடைத்த அன்று பளிச்சென்று இருக்கும். பிறகு உள்ளுக்குள் மயிரிழை வெடிப்புகள் பரவி, பின்னால் வரும் வண்டியின் விளக்கு நூறாகத் தெரியும். கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுவது நல்லது. பக்கக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் குறைந்தது 35 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்பது தென்னாப்பிரிக்க விதி.

நல்ல கூரைகள் பெரும்பாலும் ஜோஹனஸ்பர்க் பக்கம்தான் கிடைக்கின்றன. கோடை மாலைகளில் ஆலங்கட்டி மழைக்கு அஞ்சும் ஊர் அது. அங்கே ஹார்ட்டாப்புக்கு மதிப்பு அதிகம். அங்கிருந்து டர்பனுக்கு ஏறத்தாழ 570 கி.மீ. பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்னால் ஏற்றிக் கொண்டுவரும்போது கூரையின் குறுக்கே கயிற்றைப் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். பழைய மெத்தையின் மேல் வைத்து, நான்கு மூலைகளையும் அகலப் பட்டையால் கீழ்நோக்கிக் கட்டி, முன்விளிம்பு ஓட்டுநர் கேபினின் மறைவில் ஒடுங்கும்படி வையுங்கள். வழியில் வரும் வான் ரீனன் கணவாயில் அடிக்கும் குறுக்குக் காற்று கூரைக்கு அடியில் புகுந்தால் அது இறக்கையாகிவிடும்.

3. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புதிய பீடிங் எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கி வையுங்கள்: மேல்சட்டத்துக்குக் குழல் வடிவ ரப்பர், கதவுக் கண்ணாடி முட்டும் பக்கங்களுக்கு வால் உள்ள குழல் ரப்பர், கீழ்விளிம்புக்குக் கவ்விப் பிடிக்கும் ரப்பர். கடற்பாசி போல உறிஞ்சும் நுரைப்பட்டையைத் தவிருங்கள். அது தண்ணீரைத் தடுக்காது, குடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஒரு துண்டை வெட்டி நீரில் பிழிந்து பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

இந்தக் காரின் மரைகள் யுஎன்எஃப் எனப்படும் அங்குல அளவு நுண்மரை வகை. 1/4 அங்குலத்தில் அங்குலத்துக்கு 28 மரை, 5/16 அங்குலத்தில் 24 மரை. வன்பொருள் கடையில் எளிதாகக் கிடைக்கும் 6 மி.மீ., 8 மி.மீ. போல்ட்கள் இரண்டு மூன்று சுற்று உள்ளே போகும். அதன் பிறகு இறுகுவது போலத் தோன்றினால் மரை கிழிகிறது என்று பொருள்.

பெரிய வாஷர்கள், 3 மி.மீ. தடிமனில் 50 மி.மீ. சதுரத் தகடுகள், மாஸ்கிங் டேப், பழுப்பு நிறப் பார்சல் டேப், பென்சில், மரத்துண்டுகள், துத்தநாக பிரைமர் ஆகியவற்றோடு இழைத் தூசுக்கு ஏற்ற முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் தேவை. மின்வெட்டு எந்த நேரமும் வரும் ஊரில் பேட்டரி ட்ரில்லை முந்தின இரவே சார்ஜ் செய்து வைப்பது புத்திசாலித்தனம். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு ஆள் வேண்டும். தனியாகத் தூக்கினால் பின்மூலை பூட் மூடியில் கீறும். இதில் யாரும் தப்பியதை நான் பார்த்ததில்லை.

4. துணிக்கூரையை இறக்குதல்

சட்டத்தோடு முழுவதையும் கழற்றுங்கள். மடித்து உள்ளேயே விட்டுவிட்டால் வேலை நடக்கும்போது அதன் மடிப்பு கூரையின் பின்காலில் முட்டி, பொய்யான உயரத்தைக் காட்டும். பொருத்தி முடித்த பிறகு உள்ளே வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கழற்றிய போல்ட்களையும் இடைத்தகடுகளையும் இடம், வலம் என்று எழுதிய தனித்தனி பைகளில் போடுங்கள்.

துணி ஈரமாக இருந்தால் உலர்ந்த பிறகே மடியுங்கள். டர்பனின் ஈரப்பதத்தில் ஒரு வாரத்திலேயே பூசணம் பிடித்துவிடும்.

5. பீடிங்கோடு முன்சட்டத்தில் உட்கார வைத்தல்

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. கார் நான்கு சக்கரங்களிலும் சமதரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டுகளில் நிறுத்திய காரின் உடல் சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவுக்கு ஏற்ப நீங்கள் பொருத்திய கூரை, கார் தரைக்கு வந்ததும் பொருந்தாது.

என் முதல் கூரையில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பீடிங் இல்லாமல் கூரையை வைத்துப் பார்த்தேன், அழகாக உட்கார்ந்தது. மகிழ்ச்சியில் ஆறு துளைகளையும் அன்றே போட்டேன். மறுநாள் பீடிங்கை ஒட்டி மறுபடி வைத்தபோது முன்பக்கம் 8 மி.மீ. உயர்ந்தது; கூரை அதற்கேற்பப் பின்னோக்கிச் சாய்ந்தது; ஒரு துளைகூட எதிரில் இருந்த துளையோடு சேரவில்லை. நீளத் துளையாக அரமெடுத்துச் சமாளிக்கப் பார்த்து, கடைசியில் உடலில் இருந்த இரண்டு துளைகளை வெல்ட் செய்து மூட வேண்டியதாயிற்று. பீடிங்கின் தடிமனும் கூரையின் அளவில் சேர்ந்தது என்பதை அன்று கற்றேன்.

எந்தத் தடிமன் பீடிங் வேண்டும் என்று அறிய என் அக்கா சொன்ன வழியைத்தான் இன்றும் செய்கிறேன். கராஜுக்குத் தேநீர் கொண்டுவந்தவர், நான் அட்டைத் துண்டுகளைச் செருகிச் செருகி அளப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ரொட்டி மாவை வச்சு அமுக்கிப் பாரேன்” என்றார். கெட்டியாகப் பிசைந்த மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, மேல்சட்டத்தின் நீளத்தில் ஒன்பது இடங்களில் வைத்துக் கூரையை மெதுவாக இறக்குங்கள். கொக்கிகள் சேரும் உயரம் வரை இருவரும் சமமாக அழுத்திவிட்டு நேராக மேலே தூக்குங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் அந்த இடத்து இடைவெளி. குழல் பீடிங் தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும். ஆகவே மாவு 8 மி.மீ. என்று காட்டினால் 12 மி.மீ. குழல் பொருந்தும்.

ஒன்பது அளவுகளும் ஒன்றாக இருக்காது. நடுவில் 6, ஓரங்களில் 10 என்பது போல வந்தால் கூரையின் முன்விளிம்பு உங்கள் சட்டத்தின் வளைவோடு ஒத்துப்போகவில்லை. 3 மி.மீ. வரையிலான வேறுபாட்டைக் குழல் தானே ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போனால் கூரையின் அடிப்பக்கத்தில் ஃபைபர்கிளாஸ் சேர்த்து வளைவைத் திருத்த வேண்டுமே தவிர, இறுக்கத்தால் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது.

பீடிங்கை ஒட்டிய பிறகு கூரையை வைத்து நடுவைக் கண்டுபிடியுங்கள். மேல்சட்டத்தின் நடுவையும் கூரையின் முன்விளிம்பின் நடுவையும் டேப்பில் குறித்து ஒன்றாக்குங்கள். பிறகு கூரையின் பின்மூலைகளிலிருந்து அந்தந்தப் பக்கத்துப் பின்விளக்கு வரை அளந்து பாருங்கள். இந்தக் கார்களின் இரு பக்கங்களும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பது அரிது. 4 அல்லது 5 மி.மீ. வேறுபாடு வந்தால் பாதியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். முழுவதையும் பின்னால் சரிசெய்யப் போனால் ஒரு பக்கக் கதவுக் கண்ணாடி வெளியே நின்றுவிடும்.

கொக்கிகளை மாட்டும் முன் ஒரு சோதனை. கதவில் உள்ள முக்கோணக் காற்றுக் கண்ணாடியின் சட்டத்துக்கும் முன்கண்ணாடிக் காலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். கொக்கிகளைப் பூட்டிவிட்டு மறுபடி அளவெடுங்கள். 1 மி.மீ.க்கு மேல் மாறினால் கூரை முன்கண்ணாடியைப் பின்னோக்கி இழுக்கிறது. அப்படியே விட்டால் இன்றைக்கு எதுவும் ஆகாது. ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கண்ணாடியின் கீழ்மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். கொக்கியின் நீளத்தைக் கூட்டுங்கள் அல்லது அதன் அடித்தகட்டை முன்னோக்கி நகர்த்துங்கள். கட்டைவிரலால் உறுதியாக அழுத்தினால் பூட்டும் அளவே சரியான இறுக்கம். உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருந்தால் அது அதிகம்.

6. கதவுக் கண்ணாடிகளைக் கூரைக்கு இணக்குதல்

கூரை இப்போது முன்கொக்கிகளில் மட்டும் நிற்கிறது. பின்பக்கத்தில் தேவையான உயரத்துக்கு மரத்துண்டுகளை வைத்துத் தாங்குங்கள். கதவை மூடி, கண்ணாடியை மெதுவாக ஏற்றுங்கள். அதன் மேல்விளிம்பு பக்க பீடிங்கில் முழு நீளத்துக்கும் ஒரே அளவில் பதிய வேண்டும்.

கண்ணாடி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் கதவின் உள்பலகையைக் கழற்றி, பின்பக்க ஓடுதடத்தின் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தித் தடத்தைச் சற்றே வெளியே தள்ளுங்கள். கீழே வெளியே போனால் மேலே உள்ளே வரும். முன்பக்கத்தில் இதே வேலையைக் காற்றுக் கண்ணாடிச் சட்டத்தின் நட்டுகள் செய்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அரைச் சுற்று மாற்றிவிட்டுக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

கண்ணாடியைத் திருத்தித் தீராத மிச்சத்துக்குத்தான் கூரையை இடமோ வலமோ நகர்த்த வேண்டும். இதைத் துளைக்கு முன்பே செய்வதன் காரணம் இப்போது தெளிவாகியிருக்கும்.

7. கீழ்விளிம்பை வெட்டுவதும் சேர்ப்பதும்

முன்பக்கமும் கதவுக் கண்ணாடிகளும் சேர்ந்து கூரையின் இடத்தைத் தீர்மானித்துவிட்டன. பின்தகட்டின் மேல் கூரையின் கீழ்விளிம்பு எப்படி நிற்கிறதோ அப்படியே அதை ஏற்றுக்கொண்டு, விளிம்பைத்தான் காருக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

உடலின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். கூரை விளிம்பிலும் ஒரு பட்டை ஒட்டுங்கள். மிக அகலமான இடைவெளிக்குச் சமமான உயரமுள்ள ஒரு மரத்துண்டை எடுத்து, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, துண்டைக் காரின் உடல்மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். உடலின் ஏற்ற இறக்கம் அப்படியே கூரை விளிம்பில் கோடாக விழும். கோட்டுக்குக் கீழே இருப்பதை வெட்டினால், எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி கிடைக்கும். கவ்வும் பீடிங் நசுங்கிய நிலையில் எவ்வளவு தடிமனோ அவ்வளவு இடைவெளியை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பக் கோட்டை ஏற்றியோ இறக்கியோ போடுங்கள். கூரையை இறக்கி வெளியே கொண்டுபோன பிறகே வெட்டுங்கள். இழைத் தூசு இருக்கை நெசவில் புகுந்தால் ஓராண்டுக்குத் தொடை அரிக்கும்.

குறைந்திருக்கும் இடத்தில் சேர்ப்பது வெட்டுவதைவிட நீண்ட வேலை. காரின் உடல்மேல் பழுப்பு நிறப் பார்சல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, மெழுகு தடவுங்கள். பாலியஸ்டர் ரெசின் அதில் ஒட்டாது. கூரை விளிம்பின் உட்புறத்தை 40 எண் உப்புத்தாளால் இழை தெரியும் வரை தேய்த்து, கூரையை அதன் இடத்தில் பூட்டி, நனைத்த இழைப்பாயை விளிம்பிலிருந்து டேப்பின் மேல் இறங்கும்படி இரண்டு மூன்று அடுக்காகப் படியுங்கள். இறுகிய பிறகு தூக்கினால் உங்கள் காரின் வடிவத்திலேயே புதிய விளிம்பு வந்திருக்கும். அதன் பிறகு மரத்துண்டால் கோடு போட்டு வெட்டலாம்.

100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகச் செய்யும் திரவம்) என்பது பொது அளவு. பிப்ரவரி மாதத்து டர்பன் வெயிலில் குறைந்த அளவையே பிடியுங்கள். அதிகம் போட்டால் தூரிகையை எடுக்கும் முன் டப்பா புகையத் தொடங்கும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைப் பறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். இறுகுவதை வேகப்படுத்தத் தனியாக விற்கும் கோபால்ட் கலவையைக் கேட்டலிஸ்ட்டோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

8. இப்போதுதான் துளை

பீடிங் முழுவதும் ஒட்டிய நிலையில் கூரையை வைத்து, முன்கொக்கிகளைப் பூட்டி, இரு கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றி, பின்பக்கத்தை ஒருவர் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்திருக்க மற்றவர் குறி போட வேண்டும். பழைய துணிக்கூரையின் பிடிப்பு இடங்களைப் பயன்படுத்த முடிந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். உடலில் புதிய துளை ஒவ்வொன்றும் துருவுக்கு ஒரு வாசல்.

துளையிடும் இடத்தின் மறுபக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விளக்குக் கம்பிகளும் இருக்கைப் பட்டையின் பிடிப்பும் அங்கே இருக்கலாம். ட்ரில் பிட்டில் 10 மி.மீ. உயரத்தில் டேப்பைச் சுற்றி வைத்தால் ஆழம் மீறாது. முதலில் 3 மி.மீ. துளையை மட்டும் இட்டு, கூரையை மறுபடி வைத்துச் சரிபார்த்த பிறகே பெரிதாக்குங்கள்.

உடல் துளையின் பிசிரை அரமெடுத்து, துத்தநாக பிரைமரை இரண்டு பூச்சு கொடுத்து, நன்றாக உலர விடுங்கள். புளிப்பு வாசனை வீசும் சிலிக்கோன் பசையை இந்தத் துளைகளில் பயன்படுத்தாதீர்கள். அது இறுகும்போது வெளிவிடும் அமிலம் வெற்று இரும்பை அரிக்கும். பாலியூரிதீன் பசை நல்லது.

கூரையில் உள்ள துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். உச்சி வெயிலில் ஃபைபர்கிளாஸும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை. நகர இடமில்லாவிட்டால் துளையைச் சுற்றி மேற்பூச்சு வெடிக்கும். துளைக்குள் ஓர் உலோகக் குழலையும் மேலே 50 மி.மீ. தகட்டையும் வைத்தால் போல்ட்டின் அழுத்தம் இழையை நசுக்காது. அலுமினியச் சட்டத்தைத் தொடும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளுக்கு நைலான் வாஷர் போடுங்கள். கடற்காற்றில் இரண்டு உலோகங்களும் நேராகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும்.

9. இறுக்கும் வரிசை

முன்கொக்கிகள், பக்கப் போல்ட்கள், பின்போல்ட்கள் என்ற வரிசையில் எல்லாவற்றையும் முதலில் கைவிரலால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு இடம் கால் சுற்று, வலம் கால் சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்கு வந்தால் கூரை முறுகும். பின்கண்ணாடியின் மூலையில் அது முதலில் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் கடை ரசீதுத் தாள் போதும். விரல் அகலத் துண்டாகக் கிழித்து, பீடிங்குக்கும் உடலுக்கும் இடையே வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். தயங்கித் தயங்கி வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் இறுக்கம் போதாது, கிழிந்தால் அதிகம். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முறை கூரையைச் சுற்றி இதைச் செய்யுங்கள்.

10. நீர்ச் சோதனை

தோட்டக் குழாயை முனை இல்லாமல், கையளவு நீர் வழியும்படி திறந்துகொள்ளுங்கள். பீய்ச்சி அடிக்கும் இயந்திரத்தால் சோதித்தால் மழை ஒருபோதும் நுழையாத வழியிலும் நீர் நுழையும். நல்ல பொருத்தத்தையும் பிரித்துப் போடுவீர்கள்.

கீழ்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து, படிப்படியாக மேலே ஏறுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடங்களையும் ஒன்றாக நனைத்துவிடும். எந்த இடம் ஒழுகியது என்று அறிய வழியில்லை. ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார்ந்திருக்கட்டும். பீடிங்கின் உட்புறத்தில் முகப்பவுடரைத் தூவி வைத்தால் முதல் துளியின் தடம் தெரியும்.

முன்கண்ணாடியின் இரு மேல்மூலைகளில்தான் பெரும்பாலும் ஒழுகும். அங்கே மேல்சட்ட பீடிங், பக்க பீடிங், கதவுக் கண்ணாடி மூன்றும் சந்திக்கின்றன. பீடிங்குகளை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று அமர்த்தி ஒட்டுங்கள். தரை நனைந்ததும் கூரையை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி ரப்பர் பழுதானாலும் நீர் டேஷ்போர்டுக்கு அடியில் இறங்கிக் கால்மிதியில்தான் வந்து நிற்கும்.

11. காற்றிரைச்சல்

என்2 நெடுஞ்சாலையில் 120 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் மீதியிருக்கும் குறைகள் தானே பேசும். புறப்படும் முன் எல்லா இணைப்புகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு பட்டையை மட்டும் உரியுங்கள். எந்தப் பட்டையை உரித்ததும் விசில் கிளம்புகிறதோ அங்கேதான் பீடிங் தொடவில்லை. கேட்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் விடுங்கள். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும்.

12. உள்துணி

வெறும் ஃபைபர்கிளாஸுக்கு அடியில் டர்பன் கோடையில் உட்கார முடியாது. நீர் உறிஞ்சாத 5 மி.மீ. நுரைத்தாளை உட்புறத்தில் ஒட்டி, அதன் மேல் துணியைப் போர்த்துங்கள். போல்ட் தலைகளை மட்டும் மூடாமல் விடுங்கள். கூரைக்கு வெளிர் நிறம் பூசினால் வெப்பம் வெளிப்படையாகக் குறையும். கறுப்புக் கூரை புகைப்படத்தில் அழகுதான்.

13. கழற்றி வைத்தல்

கழற்றும்போது வரிசை தலைகீழாகும்: இரு கதவுக் கண்ணாடிகளையும் இறக்கி, கதவுகளைத் திறந்து, பின்போல்ட்கள், பக்கப் போல்ட்கள், கடைசியாக முன்கொக்கிகள். கொக்கிகளை முதலில் விட்டால் முன்விளிம்பு துள்ளி எழுந்து, பின்போல்ட்களைச் சுற்றி இழை முறியும். இருவரும் எதிரெதிர்க் கதவுப் பக்கம் நின்று, முன்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, பிறகு முழுவதையும் பின்னோக்கி எடுத்துச் செல்லுங்கள்.

கராஜ் உத்தரத்தில் கப்பியும் அகலப் பட்டையும் கொண்டு கிடைமட்டமாகத் தொங்கவிடுவதே நல்ல சேமிப்பு. பட்டைகள் பின்கண்ணாடிக்கு அடியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்தி முடித்த அன்று பின்கால்களுக்கு இடையிலான அகலத்தை அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை அறுத்து வையுங்கள். கூரை காரில் இல்லாத நாளெல்லாம் அந்தச் சட்டம் இரு கால்களுக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கட்டும்.